மலை வாத்தின் குரல் எலும்பு

எங்கள் தமிழ் ஒன்றியத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர் சோபாவில் முழுதாக இருக்கக்கூட இல்லை. "அண்ணை, நீங்கள் மியூசியத்தில செத்த பறவையளுக்குப் பஞ்சு அடைச்சனீங்கள் எல்லே? அதைப் பற்றிப் பகிடியா ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன்" என்றார். பகிடிக்கு என்னிடம் பஞ்சமில்லை. லிஃப்டுக்குள் கழுத்து மாட்டிக்கொண்ட தீக்கோழியைப் பற்றி மட்டுமே ஒரு மலர் போடலாம்.

ஆனால் எனக்கு ஓய்வு கொடுத்து கேக் வெட்டிய நாளில் அங்கே வேலைசெய்யும் இளையவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இத்தனை வருடத்தில் உன்னை அதிகம் கஷ்டப்படுத்திய பறவை எது என்று. தீக்கோழி என்று சொல்வேன் என எதிர்பார்த்துச் சிரிக்கத் தயாராக நின்றார்கள். "ஒரு வாத்து. அதன் மேல் நான் கத்தியே வைக்கவில்லை" என்றேன். சிரித்துவிட்டுக் காப்பி ஊற்றப் போய்விட்டார்கள். இப்போது அவர்கள் பறவையின் கால் நுனியில் ஒரு துணுக்கைக் கிள்ளி இயந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். எது எதற்கு உறவு என்று அது சொல்லிவிடுகிறது. அவர்களிடம் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டேனிஷில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். பகிடி கேட்டவர் மன்னிக்க வேண்டும்.

நான் மன்னார்க்காரன். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுகூடத்தில், மாணவர்கள் வெட்டுவதற்குத் தவளையும் எலியும் தயார்செய்து கொடுக்கும் உதவியாளனாக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் டென்மார்க் வந்து சேர்ந்தபோது, முகாம், மொழிப் பள்ளி, ஹ்விடோவ்ரேயில் இரண்டறை வீடு என்று மற்றவர்களுக்கு நடந்த எல்லாமே எனக்கும் நடந்தது. வேலை பழக அனுப்பும் அதிகாரி என் தாள்களில் 'ஆய்வுகூடம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, கோபன்ஹேகனில் ஒரு அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுக்கு என்னை அனுப்பினார். சில மாதங்களுக்கு என்று போனவன் ஓய்வுபெறும் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டேன். என் மனைவி றெஜினாவுக்கு முதலில் அது பிடிக்கவேயில்லை. "மற்றவை ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவுகினம். நீங்கள் காகம் கழுவுறீங்கள்" என்பாள். கைகளை வாசலிலேயே மணந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

என் மேலதிகாரியின் பெயர் கேர்ஸ்டன். அறுபதைத் தாண்டியவர், மெலிந்து உயர்ந்த மனிசி. எந்தக் குளிரிலும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். இந்த நாட்டில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் தாயை விட வயதான ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் வாய் வரவில்லை. எனக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால், அவர் பார்வை படும் இடத்தில் போய் நின்று இருமுவேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தவர், "தாஸ், உமக்குச் சளியெண்டால் டொக்டரிட்டைப் போம். எனக்குப் பெயர் இருக்கு" என்றார். டேனிஷில் சொன்னதுதான். அவருடைய குரல் என் காதில் இப்படித்தான் விழுந்தது என்பதால் எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

வேலை பழக்கியவர் அவரே. நெஞ்சின் நடுவால் ஒரே கீறல். ஈரம் இறகில் ஊறாமல் கீறலோடு கூடவே உருளைக்கிழங்கு மாவைத் தூவிக்கொண்டு போக வேண்டும். தோலைக் கத்தியால் வெட்டக்கூடாது, விரலால் தள்ள வேண்டும். கண்ணை எடுத்த இடத்தில் பஞ்சு. இவையெல்லாம் கை வேலை, பழகினால் வந்துவிடும். அவரிடம் வேறு இரண்டு சட்டங்கள் இருந்தன. அவைதான் பழகக் கஷ்டமாக இருந்தன.

முதலாவது, மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பறவைதான். அதிலிருந்து எடுத்த தோல், எலும்பு, இரைப்பை எல்லாவற்றிலும் அதன் இலக்கத்தைக் கட்டி முடித்து, மேசையைத் துடைத்த பிறகுதான் அடுத்தது வரலாம். எந்தப் பறவையுடையது என்று தெரியாத எலும்பைச் சூப்புக்குத்தான் போடலாம் என்பார். இரண்டாவது, எதையும் இரண்டு தரம் அளக்க வேண்டும். ஒரு தரம் சிறகை அளந்து சொல்வார், நான் எழுதுவேன். பிறகு பறவையைக் கீழே வைத்துவிட்டு யன்னலால் வெளியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் அளவை மறக்கத்தான் அப்படி. பிறகு திரும்பி, புதிதாகக் காண்பதுபோல எடுத்து அளப்பார். இரண்டும் பொருந்தாவிட்டால் இரண்டையும் வெட்டிவிடச் சொல்வார். நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். வீட்டில் அரிசி அளக்கும்போது ஒருநாள் நானும் யன்னலைப் பார்த்தேன். றெஜினா பயந்துபோனாள்.

கேர்ஸ்டனின் வாழ்க்கை முழுவதும் ஒரு கேள்வியின் பின்னால் போனது. தென்னமெரிக்காவில் கொண்டை வாத்து என்று ஒன்று இருக்கிறது. பழுப்புநிறம், பிடரியில் தொங்கும் சிறு கொண்டை, பக்கத்தில் எந்த வாத்தையும் அண்டவிடாத கெட்ட குணம். அதில் இரண்டு வகை. ஒன்று தெற்கே தாழ்ந்த நிலத்திலும் கடற்கரையிலும் வாழ்வது. அதற்குச் சிவந்த கண். மற்றது அந்தீஸ் மலைகளில், மரமும் முளைக்காத உயரத்தில், குளிர்ந்த ஏரிகளில் வாழ்வது. இது கொஞ்சம் பெரிது, நிறம் வெளிறியது, கண் மஞ்சள். புத்தகங்கள் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள் என்றுதான் சொல்லின. மலையில் இருப்பது தனி இனம் என்பது கேர்ஸ்டனின் நம்பிக்கை.

நம்பிக்கைக்குச் சாட்சி வேண்டும். அது வாத்தின் நெஞ்சுக்குள் இருந்தது. ஆண் வாத்தின் மூச்சுக்குழாய் நுரையீரலுக்கு இரண்டாகப் பிரியும் இடத்தில், எலும்பாலான ஒரு குமிழ் இருக்கும். அதன் குரல் அங்கேதான் பிறக்கிறது. இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும். எது எந்தக் குடும்பம் என்று பார்க்க வாத்துக்காரர்கள் தேடும் முதல் அடையாளம் அது. நான் அதைக் குரல் எலும்பு என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். எங்களிடம் மலை வாத்தின் தோல்கள் இருந்தன, குரல் எலும்பு இல்லை. முந்தைய காலத்துக்காரர்கள் தோலை உரித்து எடுத்துக்கொண்டு உடம்பை வீசிவிட்டார்கள். வேறு இடங்களுக்கு எழுதிக் கேட்டதற்கு வந்த பதில்களும் அவருக்குப் போதவில்லை.

டென்மார்க்கில் மலையிலிருந்து வந்த ஆண் வாத்து ஒன்று உயிரோடு இருந்தது. ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே ஓகெ என்ற கிழவர் பல நாட்டு வாத்துகளை வளர்த்தார். தச்சுத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். பெருவில் வேலைசெய்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் மலை ஏரியிலிருந்து முட்டைகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பொரித்த குஞ்சுகளில் அது மட்டும் மிஞ்சியிருந்தது. வயதாகிவிட்டது. அதைக் கொல்ல ஓகெ சம்மதிக்கமாட்டார், கேர்ஸ்டனும் ஒருநாளும் கேட்கமாட்டார். செத்தால் எங்களுக்கு, அதுதான் பேச்சு. மாதம் பிறந்தால் கேர்ஸ்டன் தொலைபேசி எடுத்துச் சுகம் விசாரிப்பார். அவர் எதை விசாரிக்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "மன்னியும் கேர்ஸ்டன், இந்த மாசமும் உமக்கு ஏமாற்றம்தான். காலமை வேலியிலை நிண்ட நாயைக் கொத்திப்போட்டு வந்திருக்கிறான்" என்று ஓகெ சொல்வார். மனிசி வாய்விட்டுச் சிரிப்பார்.

அடுத்த வசந்தத்தில் கேர்ஸ்டனுக்கு ஓய்வு. அதன் பிறகு அறையும் இல்லை, மேசையும் இல்லை. அந்த வாத்து அதற்குமுன் செத்தால்தான் அவருடைய வாழ்நாள் கேள்விக்கு விடை. சிரித்துக்கொண்டாலும் அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருடக் கோடையின் தொடக்கத்தில் வாத்தைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஓகெயின் மனைவி எலன் காப்பி கொண்டுவந்து, நான் எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். கேக் கொண்டுவந்து வைத்துவிட்டு எந்த நாடு என்று கேட்டார். மறுபடியும் சொன்னேன். கறுப்பு மனிதரைக் கண்டு பழக்கமில்லாத கிழவி, பேச வேறு எதுவும் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். குளத்தடியில் வைத்து ஓகெ என்னோடு தனியாகக் கதைத்தார்.

"அவ உம்மை அவமதிக்கேல்லை. அவவுக்கு நினைவு நிக்கிறேல்லை. ஒருதருக்கும் சொல்லேல்லை நான்."

"டொக்டரிட்டைக் காட்டேல்லையா?"

"காட்டினால் கொமியூனுக்குத் தெரியவரும். கொமியூன் வந்து ரெண்டு கேள்வி கேட்கும், பிறகு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகும். ஐம்பது வருசம் இந்தக் குசினியிலை நிண்ட மனிசி. கேர்ஸ்டனுக்கும் சொல்லவேண்டாம். அவவுக்கு எல்லாம் சரியாத் தெரியவேணும். தெரிஞ்சால் சும்மா இருக்கமாட்டா."

கொமியூன் என்றால் நகரசபை, முதியோர் இல்லங்களும் அதன் பொறுப்புத்தான். வெளியாளிடம் சொன்னால் பாரம் குறையும் என்று ஓகெ நினைத்திருப்பார். ரயிலில் கேர்ஸ்டன், ஓகெ என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, வேலி கட்டுவதைப் பற்றி என்றேன்.

கோடையில் ஓகெயின் தாழ்நிலக் கொண்டை வாத்துகளில் ஓர் ஆண் செத்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் வேண்டும் என்று கேர்ஸ்டன் சொன்னார். ஓகெ அதைச் செய்தித்தாளில் சுற்றி ஃபிரீசரில் வைத்தார். மரங்கள் இலை கொட்டி முடிந்த சமயத்தில், மாதம் பிறக்காமலே எங்களுக்குத் தொலைபேசி வந்தது. கேர்ஸ்டன் எழுந்து நின்றுகொண்டு கேட்டார். "எனக்குச் சரியான கவலை, ஓகெ" என்றார். உண்மையான கவலைதான். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். மலை வாத்து விடியற்காலையில் கரையில் செத்துக் கிடந்ததாம். அதையும் செய்தித்தாளில் சுற்றி, மற்றதற்குப் பக்கத்தில் வைத்தாயிற்று.

போகத் தோதான சனிக்கிழமை, புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய நாளாக அமைந்தது. எங்கள் ஊரில் புனிதர் நாள் என்றால் பூசை. இந்த நாட்டார் புனிதர்களையெல்லாம் நானூறு வருடத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள், மார்ட்டினை மட்டும் அடுப்புக்காக வைத்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வீடு வாத்துதான். ஆயராக மாட்டேன் என்று ஒளிந்திருந்த மார்ட்டினை வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டனவாம், அதற்கு இன்றுவரை தண்டனை. "நீங்கள் ஒரு வாத்துக்காக அவ்வளவு தூரம் போறீங்கள், ஆனால் திண்ணுறதுக்கு இல்லை" என்று றெஜினா சிரித்தாள்.

அப்போது பாலம் இல்லை. ரயிலையே வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு கப்பல் கடலைக் கடக்கும். கேர்ஸ்டன் மடியில் குளிர்ப்பெட்டியை வைத்துக்கொண்டு, கப்பலின் மேல்தட்டுக்கும் போகாமல் இருந்தார். பெட்டிக்குள் இலக்கம் எழுதிய இரண்டு பைகள். திங்கட்கிழமை எந்த மேசை, எந்தக் கத்தி, முதலில் எந்தப் பறவை என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "முதல் தாழ்நிலம். கை பதப்பட்டபிறகு மலை" என்றார். அவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர் போல இருந்தார்.

ஓகெ காரோடு நிலையத்தில் நின்றார். காலையிலேயே வந்து சாமான் வாங்கிக்கொண்டு காத்திருந்ததாகச் சொன்னார். பகலுக்கு எங்களோடுதான் சாப்பாடு, எலன் வாத்து வைப்பா, முன்பே கடையில் வாங்கிப் போட்டிருக்கிறேன் என்றார். வாசலில் இறங்கும்போதே வாசனை வந்தது. அப்பிளும் உலர்ந்த பிளம்ஸும் வயிற்றில் அடைத்து வாட்டிய வாத்தின் வாசனை. எலன் வெள்ளை ஏப்பிரனோடு கதவைத் திறந்து, எங்கள் கோட்டுகளை வாங்கினார். கன்னம் சிவந்து, தலை வாரி, அன்றைக்குக் கோடையில் கண்டதைவிட நன்றாக இருந்தார்.

ஓகெ ஃபிரீசரைத் திறக்க நிலவறைக்கு இறங்கினார். கேர்ஸ்டன் குளிர்ப்பெட்டியோடு படியின் தலைப்பில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கீழே மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ஓகெ மேலே வரும்போது அவர் கையில், பிளாஸ்டிக் சுற்றிய கடை வாத்து, கல்லுப்போல உறைந்தபடி இருந்தது. அவருடைய முகம் செத்திருந்தது.

எனக்கு விளங்கச் சில நொடிகள் ஆயின. அந்தப் பக்கத்தில் எலன் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில், மார்ட்டின் நாள் வாத்து பக்கத்துப் பண்ணைகளிலிருந்துதான் வரும். இறகோடு, செய்தித்தாளில் சுற்றி வரும். பிளாஸ்டிக் பை அவருக்கு வாத்தாகவே தெரிந்திருக்காது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, முதல் நாளே செய்தித்தாளில் சுற்றிய இரண்டையும் எடுத்து உருகவைத்து, ஓகெ நிலையத்துக்கு வந்த நேரத்தில் இறகு பிடுங்கி, குடல் எடுத்து, அடுப்பில் வைத்துவிட்டார். அந்தக் கை ஒன்றையும் மறக்கவில்லை.

"எலன்!" என்றார் ஓகெ. அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. "எந்த வாத்தை நீ—"

கேர்ஸ்டன் அவருடைய கையைப் பிடித்தார். குசினிக் கதவில் எலன் துணியோடு வந்து நின்றார். கேர்ஸ்டன் குளிர்ப்பெட்டியைச் சுவரோடு வைத்துவிட்டு, "நல்ல வாசமா இருக்கு எலன். எங்கை இருக்கட்டும்?" என்றார்.

நாங்கள் சாப்பிட்டோம். பெரிய தட்டில் இரண்டு வாத்துகள், பொன்னிறமாக. சீனியில் புரட்டிய உருளைக்கிழங்கு, சிவப்பு முட்டைக்கோவா. ஓகெ வெட்டவில்லை, அவரால் கத்தி பிடிக்க முடியவில்லை. கேர்ஸ்டன் வாங்கி வெட்டினார். மூட்டுக்கு மூட்டு, எலும்பில் ஒரு கீறல்கூட விழாமல் பிரித்து எல்லோருக்கும் வைத்தார். அந்த வெட்டை நான் மேசையில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். நான் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். பழைய வாத்து, நார்போல இருந்தது. அவர் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கினார். எலன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டார்.

கோப்பை கழுவுகிறேன் என்று நான் எழுந்தேன். வயதான மனிசியைக் கழுவ விட்டுவிட்டு இருக்க எங்களுக்கு வராது என்பது ஒன்று. மற்றது, குப்பை வாளி. இறகும் தலையும் காலும் விறகடுப்பில் எரிந்திருந்தன. சாம்பலில் இரண்டு கால் வளையங்கள் மட்டும் கிடந்தன. வாளிக்குள் செய்தித்தாள் பொட்டலங்கள் இரண்டு. எலன் சுத்தக்காரி, ஒவ்வொரு வாத்தின் குடலையும் தனித்தனியாகச் சுற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்திருந்தார். மேலே இருந்ததைப் பிரித்தேன். மூச்சுக்குழாய் முழுதாக இருந்தது. அதன் அடியில் குரல் எலும்பு, ஒரு நொறுங்கலும் இல்லாமல். கீழே இருந்த பொட்டலத்திலும் அப்படியே.

கேர்ஸ்டனைக் கூப்பிட்டேன். அவர் குழாயடியில் இரண்டையும் கழுவி, வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சின்னது, உருண்டை. மற்றது பெரிது, இடப்பக்கமாகப் புடைத்து, நுனி கொஞ்சம் வளைந்திருந்தது. இரண்டும் ஒன்றல்ல. எனக்கே தெரிந்தது.

"ஒண்டில்லை" என்றேன்.

"ஓம்" என்றார். மூச்சுவிடுகிற சத்தமாகத்தான் கேட்டது. "ஆனால் கிழட்டு எலும்பு தடிக்கும். எது எதின்ரை எண்டு தெரியாமல் இது ஒண்டுமில்லை. எது அடியில கிடந்தது?"

"சின்னது."

அடியில் கிடந்தது முதலில் வெட்டியதுடையது. முதலில் எந்த வாத்தை வெட்டினார் என்று தெரிந்தால் போதும். அதை அறிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் துடைக்கிற துணியோடு எங்களிடம் வந்துகொண்டிருந்தார். வாசலில் ஓகெ நின்றார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. கேர்ஸ்டனின் முதுகுக்குப் பின்னால் நின்றதால் அவர் அதைக் காணவில்லை.

"எலன்," கேர்ஸ்டன் வெகு சாதாரணமாகக் கேட்டார், "ரெண்டு வாத்திலை முதல் எதை வெட்டினீங்கள்? பெரிசையா, சின்னதையா?"

"சின்னதை," என்றார் எலன் உடனே. "எப்பவும் சின்னதைத்தான் முதல். பெரிசுக்குக் கை களைக்கும் எண்டு அம்மா சொல்லுவா."

கேர்ஸ்டனின் முகத்தில் அப்போது வந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. அவருடைய வயது இறங்கிப் போனது. பெரியது மலை வாத்து, பெரிய வளைந்த எலும்பு அதனுடையது. அவ்வளவு காலம் தேடியது ஒரு சமையலறைத் தட்டில் இருந்தது. எலனின் விடைக்கு என்ன பெறுமதி என்று அறிந்தவன் நான். ஆனாலும் என் மனம், போதும், இனிக் கேட்காதே, எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போவோம் என்று கெஞ்சியது.

கேர்ஸ்டன் திரும்பி யன்னலால் வெளியே பார்த்தார். குளத்தில் மிச்ச வாத்துகள் நின்றன. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எலன் பக்கம் திரும்பி, அப்போதுதான் குசினிக்குள் வந்தவர் போலக் கேட்டார்.

"எலன், முதல் வெட்டினது எதை? சின்னதையா, பெரிசையா?"

எலன் துணியை மடித்தார், விரித்தார். "வெட்டுறதோ? நான் இன்னும் வாத்தை வெளியிலை எடுக்கேல்லையே. ஓகெ ஸ்ரேசனுக்குப் போயிட்டார். விருந்தாளியள் வந்தாப் பிறகுதான்…" என்று தொடங்கியவர், மேசையிலிருந்த எலும்புகளைக் கண்டார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முன்பு கண்டிருக்கிறேன். எந்த நாட்டில் இறங்கியிருக்கிறோம் என்று தெரியாமல் விமான நிலையத்தில் நின்ற எங்கள் சனத்தின் கண்ணில். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"நான் ஏதும் பிழை விட்டுட்டனோ?"

ஓகெ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை எலன்," என்றார் கேர்ஸ்டன். "கன வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் நான் வயிறாறச் சாப்பிட்டனான்."

சொல்லிவிட்டு, தட்டிலிருந்த இரண்டு குரல் எலும்புகளையும் பொட்டலத்தில் போட்டுச் சுற்றி, வாளிக்குள் தன் கையாலேயே வைத்தார். பிறகு அந்தத் தட்டைக் கழுவித் துடைத்தார்.

திரும்பும் கப்பலில் இந்தமுறை மேல்தட்டுக்கு ஏறினோம். குளிர் காதைப் பிய்த்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "குறைஞ்சது ரெண்டையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்" என்றேன்.

"கொண்டு வந்திருந்தால், ஒரு நாளைக்கு நான் பெரிசு மலையின்ரை எண்டு எழுதிப்போடுவன் தாஸ். எனக்கு அவ்வளவு ஆசை." காற்றில் கண்ணைத் துடைத்தார். பிறகு, "உமக்கு முதலே தெரியும், என்ன? எலனைப் பற்றி" என்றார்.

"ஓம். ஓகெ சொல்லவேண்டாம் எண்டவர்."

"சொல்லாதது நல்லது. சொல்லியிருந்தால் அந்த முதல் தரமும் கேட்டிருக்கமாட்டன்." கப்பலின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நிமிசம் எண்டாலும் எனக்குக் கிடைச்சுது."

வீட்டுக்கு வந்ததும் றெஜினா வழக்கம்போலக் கையை மணந்து பார்த்தாள். வாட்டிய வாத்தின் வாசனை. நடந்ததைச் சொன்னேன். வேலைசெய்யாமல் கிடந்த எங்கள் வீட்டு ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வாத்து இல்லாமல் போன பிறகும் மாதம் பிறந்தால் தொலைபேசிப் பேச்சு நிற்கவில்லை. இப்போது ஓகெ எடுப்பார். கேர்ஸ்டன் அவரிடம் எலனைப் பற்றிக் கேட்பார். கொமியூனுக்குச் சொல் என்று ஒருநாளும் சொன்னதை நான் கேட்கவில்லை. ஆனால் குளிர்காலத்தில் ஒருநாள் எலன் உள்சட்டையோடு வீதியில் நின்றதை அயலவர் கண்டு, அவர்களே சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஹோர்சன்ஸ் நகருக்குள் ஓர் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஓகெ வாத்துகளை ஒவ்வொன்றாக விற்றார்.

கேர்ஸ்டனின் கடைசி நாள் வந்தது. கேக்கும் பூவும் முடிந்து எல்லோரும் போன பிறகு, என்னைப் பறவைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாத்து அலுமாரிகளின் முன்னால் நின்றார். அவர் பொறுப்பெடுத்த காலத்தில், மலைக் கொண்டை வாத்தின் தோல்களைத் தாழ்நிலத்தவற்றிலிருந்து பிரித்து வேறொரு இழுப்புத் தட்டில் வைத்திருந்தார், தனி இனம்போல. யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை, அவருடைய கூடம் அது. அந்தத் தட்டை இழுத்தார். ஒரு தோலைக் கையில் எடுத்து, கொண்டையை விரலால் நீவினார்.

"எல்லாத்தையும் மற்றதுகளோடை வையும்" என்றார். "ஒரே இனம்."

நான் அசையவில்லை. "கேர்ஸ்டன்," என்றேன். அன்றைக்குத்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் கூசவில்லை. "இது வேறை எண்டு நீங்கள் நம்புறீங்கள்."

"நம்புறன். நிரூபிக்கேல்லை. வரப்போறவருக்கு என்ரை நம்பிக்கையை ஒரு உண்மைபோலை அலுமாரியிலை வைச்சிட்டுப் போகக்கூடாது."

ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். வெளிறிய வாத்துகள் கருமையானவற்றின் பக்கத்தில் போய்க் கிடந்தன. கண் இருந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைப் பஞ்சு, மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. கடைசித் தோலைத் தன் கையிலிருந்து என்னிடம் தந்தார். வைத்துவிட்டு, தட்டை மூட அவருக்கு வழிவிட்டேன். அது அவருடைய வேலை என்று நினைத்தேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீர் மூடும் தாஸ்," என்றார். "என்னாலை ஏலாது."

நான் தட்டைத் தள்ளி மூடினேன்.